கடை மூடிய பின்னும் தொடரும் கவலை: தலித் தொழில்முனைவோரின் மன அழுத்தமும் சட்டம் தரும் பிடிமானமும்

தொழில் நடத்தும் எவருக்கும் மன அழுத்தம் உண்டு. வாடகை, கூலி, மாதத் தவணை, வரிக் கணக்கு, வந்து சேராத நிலுவை என்று அதன் காரணங்கள் பொதுவானவை. அதற்குச் சொல்லப்படும் தீர்வுகளும் பொதுவானவை: அதிகாலையில் எழுங்கள், மூச்சுப் பயிற்சி செய்யுங்கள், நேரத்தைத் திட்டமிடுங்கள். இவை பயனற்றவை என்று நாம் கூறவில்லை. ஆனால், கடைக்கு இடம் தேடிச் செல்லும் ஒரு தலித் இளைஞரிடம் முன்பணம் பற்றிய பேச்சுக்கு முன்பே "எந்த ஊர், எந்தத் தெரு?" என்ற கேள்வி கேட்கப்படுகிறது. அந்தக் கேள்வி தரும் அழுத்தத்தை மூச்சுப் பயிற்சி மட்டும் தீர்க்காது. அழுத்தத்தின் மூலங்களைத் தனித்தனியே பிரித்துப் பார்த்தால்தான் எதை நாம் பழக்கத்தால் சமாளிக்கலாம், எதைச் சட்டத்தால் எதிர்கொள்ள வேண்டும் என்பது விளங்கும்.

அழுத்தத்தின் கூடுதல் சுமை

வெளிநாட்டில் உயர்கல்வி கற்றுத் திரும்பிய அண்ணல் அம்பேத்கர், பரோடாவை விட்டு வெளியேறிய பின் பம்பாயில் முதலீட்டு ஆலோசனைத் தொழில் ஒன்றைத் தொடங்கினார். அவர் தீண்டப்படாதவர் என்பதை வாடிக்கையாளர்கள் அறிந்ததும் அத்தொழில் முடிவுக்கு வந்தது. அறிவோ உழைப்போ குறைந்ததால் அது வீழவில்லை. நூறாண்டுகள் கடந்தும் நம்மிடம் ஆலோசனைக்கு வருவோர் பலர் அதே அச்சத்தையே வேறு சொற்களில் கூறுகின்றனர். கடையில் அம்பேத்கர் படத்தை மாட்டலாமா, பெயர்ப் பலகையில் தந்தையின் பெயரைச் சேர்க்கலாமா, கூட்டாளியைச் சேரிக்குள் இருக்கும் வீட்டுக்கு அழைக்கலாமா என்று அவர்கள் நாள்தோறும் கணக்குப் போடுகின்றனர். அடையாளத்தை மறைத்து வாழ்வதே ஒரு முழுநேர வேலையாகிறது.

இரண்டாவது சுமை பின்புலம் இன்மை. வணிகச் சாதிகளில் ஒருவர் நட்டமடைந்தால் மாமனோ பங்காளியோ கைமாற்றுத் தருவர். சரக்கு கடனாகக் கிடைக்கும். முதல் தலைமுறைத் தலித் தொழில்முனைவோருக்கு அத்தகைய வலை இல்லை. ஒரு மாதம் விற்பனை சரிந்தால் கந்துவட்டிக்காரரின் வாசலே மிச்சம். நட்டம் குடும்பத்தின் நகையையும் பிள்ளைகளின் படிப்பையும் நேரடியாகத் தொடுவதால், இரவு கடையை மூடிய பின்னும் கவலை ஓய்வதில்லை.

வராத பணம்

சிறு தொழில்களில் தூக்கத்தைக் கெடுப்பது பெரும்பாலும் நிலுவைத் தொகையே. குறு, சிறு மற்றும் நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம், 2006 இதற்கு வலுவான வழியைத் தருகிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும், குறு, சிறு நிறுவனத்திடம் பொருளோ சேவையோ பெற்றவர் 45 நாட்களுக்கு மேல் தவணை கேட்க முடியாது. ஒப்பந்தம் இல்லையெனில் 15 நாட்கள். தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, மாதந்தோறும் கூட்டு வட்டியாக ஏறும். வசதியாக்கல் மன்றத்தில் முறையிடலாம். மன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் செல்ல விரும்பும் கொள்முதலாளர் 75 விழுக்காட்டுத் தொகையை முதலில் கட்ட வேண்டும்.

இங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. வாங்கி விற்கும் வணிகர்களுக்கு இந்தப் பாதுகாப்புப் பொருந்தாது. உற்பத்தி செய்வோருக்கும் சேவை தருவோருக்குமே பொருந்தும். உத்யம் பதிவை ஒப்பந்தத்துக்கு முன்பே செய்துகொள்வது நல்லது. பின்னர் பதிந்தவர்களின் உரிமை பற்றி நீதிமன்றங்களில் நீண்ட வாதங்கள் நடந்துள்ளன.

கடன்

குறு, சிறு நிறுவனங்களுக்குக் குறைந்தது 10 இலட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010இலேயே வங்கிகளுக்கு ஆணையிட்டது. கிளை மேலாளர் பத்திரம் கேட்டால், அதை எழுத்தில் தருமாறு கேட்பதே முதல் படி. தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டம் 35 விழுக்காடு மூலதன மானியமும் (உச்சவரம்பு 1.5 கோடி ரூபாய்) 6 விழுக்காடு வட்டி மானியமும் வழங்குகிறது, மாவட்டத் தொழில் மையத்தை அணுக வேண்டும்.

ஏற்கெனவே கந்துவட்டியில் சிக்கியவர்கள் தங்களைக் குற்றவாளிகளாகக் கருத வேண்டியதில்லை. தமிழ்நாடு அதீத வட்டி வசூலித்தல் தடைச் சட்டம், 2003 கந்துவட்டி, மீட்டர் வட்டி, நாள் வட்டி, தண்டல் ஆகியவற்றைத் தடை செய்து, மூன்றாண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. வங்கிக் கடன் வசூலிப்பு முகவர்கள் காலை 8 மணிக்கு முன்போ இரவு 7 மணிக்குப் பின்போ அழைக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி.

புறக்கணிப்பு

திருவிழாத் தகராறுக்குப் பின் "அவன் கடையில் வாங்காதே" என்று ஊர் கூடி முடிவெடுப்பது தமிழகத்தில் புதிதன்று. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தம் பொருளாதாரப் புறக்கணிப்பை வரையறுத்துத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் உள்ளது. வழக்கமான வணிக நிபந்தனைகளில் கொடுக்கல் வாங்கலை மறுப்பதும் அவ்வரையறைக்குள் வரும். தலித் ஒருவர் தொழில் செய்வதைத் தடுப்பதும் தனிக் குற்றம். பிரிவு 3(1)இன் கீழ் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை உண்டு. துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க வேண்டும்.

ஒரு வாடிக்கையாளர் சொல்லாமல் விலகிச் செல்வதை மெய்ப்பிப்பது கடினம். ஊர்க் கூட்டம், தண்டோரா, வாட்ஸப் செய்தி, அபராத மிரட்டல் ஆகியவற்றை மெய்ப்பிக்கலாம். எனவே தேதி, நேரம், சொன்னவர், கேட்டவர் ஆகிய விவரங்களை அன்றன்றே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்குமாறு நாம் வலியுறுத்துகிறோம். அன்றாட விற்பனைக் கணக்கும் இங்கே சான்றாகும்: புறக்கணிப்புக்கு முன்னும் பின்னும் வருமானம் எவ்வளவு என்பதை அதுவே காட்டும். எழுதி வைப்பதில் இன்னொரு பயனும் உண்டு. நடந்ததை இரவெல்லாம் மனத்தில் உருட்டிக்கொண்டிருக்கும் தேவை குறைகிறது. வன்கொடுமைகளுக்கான தேசிய உதவி எண் 14566.

உடலும் மனமும்

சட்டம் எல்லாவற்றையும் தீர்க்காது. வழக்கே ஓர் அழுத்தம். ஆகவே சில எளிய எல்லைகள் தேவை. வீட்டுப் பணமும் கடைப் பணமும் வெவ்வேறு கணக்குகளில் இருக்கட்டும். கடன் தொடர்பான அழைப்புகளுக்கு நாளில் ஒரு மணி நேரம் ஒதுக்கினால், மற்ற நேரம் தொழிலுக்குக் கிடைக்கும். வாரத்தில் அரை நாளாவது கடையை நம்பகமான ஒருவரிடம் விட்டுச் செல்ல வேண்டும். பெண்கள் நடத்தும் தொழிலில் வீட்டுவேலையைப் பகிர்ந்துகொள்வது குடும்பத்து ஆண்களின் கடமை. அதைச் சலுகையாகக் கருதக் கூடாது.

இரண்டு வாரங்களுக்கு மேல் தூக்கமின்மை, பசியின்மை, காரணமற்ற எரிச்சல், குடிப்பழக்கம் கூடுதல், வாழ விருப்பமின்மை ஆகியவை தொடர்ந்தால் உதவி பெற வேண்டும். தற்கொலை எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்கக் கூடாது. டெலி மானஸ் (14416), தமிழ்நாட்டின் 104 ஆகிய இலவச எண்களில் தமிழிலேயே பேசலாம்.

இதைப் படிக்கும் மாணவர்களுக்கும் களச் செயல்பாட்டாளர்களுக்கும் ஒரு பணி உண்டு. ஒன்றிய அரசின் 2012 கொள்முதல் ஆணை, மொத்தக் கொள்முதலில் 4 விழுக்காட்டைப் பட்டியல் சாதி, பழங்குடியினர் நடத்தும் குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கச் சொல்கிறது. பத்தாண்டுகள் கடந்தும் அந்த இலக்கு எட்டப்படவில்லை. உங்கள் பகுதியிலுள்ள ஒன்றியப் பொதுத்துறை நிறுவனம் எவ்வளவு வாங்கியது என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள். உங்கள் தெருவில் தையலகமோ பட்டறையோ நடத்தும் ஒருவருக்கு உத்யம் பதிவைச் செய்து கொடுங்கள். நிலுவைக்கான முதல் கடிதத்தை அவருடன் அமர்ந்து எழுதுங்கள். தனியாகச் சுமந்த கவலையில் ஒரு பகுதி அன்றே குறையும்.