நோயுற்ற கணினியும் நோயுறாத கோப்புகளும்

நோயைத் தீர்க்கும் பொருட்டு நோயாளியைக் கொல்லும் வைத்தியர் எவரும் இலர். ஆயினும், வைரஸ் பற்றிய கணினிக்கு நம்மிற் பலர் செய்விக்கும் வைத்தியம் அத்தகையதே. எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவுவதே வழி என்று ஒருவர் கூறியதும் உடன்பட்டுவிடுகிறோம். கிருமியோடு பிள்ளையின் கட்டுரையும் குடும்பத்தின் படங்களும் அழிந்தொழிந்தமை பின்னரே நெஞ்சைச் சுடுகிறது.

சென்ற மாதம் ஒரு மாலைவேளை, எமது அயலவர் ஒருவர் தம் மகளோடு எம்மில்லம் வந்தார். மகள் பல்கலைக்கழக இறுதியாண்டு மாணவி. ஆய்வுக் கட்டுரையை அச்சிடுவதற்காகக் கடையொன்றிற் கொடுத்த பென் ட்ரைவ், வீடு திரும்பியபோது கிருமியுடன் திரும்பியிருந்தது. கோப்புறைகள் இருந்த இடத்தில் ‘ஷோர்ட்கட்’ சின்னங்களே தென்பட்டன. அவற்றை அழுத்தியதும் வீட்டுக் கணினியையும் வைரஸ் பற்றிக்கொண்டது.

“மாஸ்டர், எல்லாத்தையும் அழிச்சால்தானாம் சரிவரும். பிள்ளையின்ர ஆறு மாதப் பாடு என்னாகிறது?” என்றார் தந்தை. மகள் ஒன்றும் பேசவில்லை.

வைரஸ் என்பது மனிதர் எழுதிய ஒரு நிரல். அது இயக்கப்படும்போது மாத்திரமே தீங்கு செய்யும். இயக்குவாரின்றிக் கிடக்கும்வரை வெறும் எழுத்தே. நோயுற்ற விண்டோஸை நாம் தொடக்கும்போது அதனுடன் வைரஸும் விழித்துக்கொள்கிறது. ஆகவே, அந்த விண்டோஸைத் துயிலவிட்டு, வேறோர் இயங்குதளத்தின் வழியாக உட்சென்று கோப்புகளை எடுத்துவருதலே பாதுகாப்பான முறையாகும்.

முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்துக் கணினியை நிறுத்துக. பின்னர் நோயற்ற வேறொரு கணினியில், 8 ஜிகாபைட் கொண்ட வெற்றுப் பென் ட்ரைவ் ஒன்றில் லினக்ஸ் மின்ட் போன்றதோர் இலவச இயங்குதளத்தைப் பதிக்குக. அதனை நோயுற்ற கணினியிற் செருகி, கணினி அதிலிருந்தே தொடங்குமாறு செய்க. இதற்கென எஃப்12 போன்றதொரு விசை உண்டு. அது தயாரிப்புக்குத் தயாரிப்பு வேறுபடும். திரையில் நிறுவுவதற்கான சின்னமும் காணப்படும். அதனைத் தொடலாகாது, தொட்டு மேற்சென்றால், காக்க வந்த நாமே கோப்புகளை அழித்தவராவோம். சில கணினிகளில் வட்டு பிட்லாக்கரால் பூட்டப்பட்டிருக்கும். அதனைத் திறக்க 48 இலக்க மீட்புத் திறவுகோல் வேண்டும்.

இனி, எதனை எடுப்பது, எதனை விடுவது? கட்டுரைகள், படங்கள், பாடல்கள் ஆகியவற்றை மற்றொரு பென் ட்ரைவிற் பிரதி செய்க. இ.எக்ஸ்.இ., வி.பி.எஸ்., எல்.என்.கே. என முடியும் கோப்புகளை விட்டுவிடுக. பெயரின் ஈற்றைக் கூர்ந்து நோக்குதல் அவசியம். 2000ஆம் ஆண்டு மே மாதத்தில் உலகை அலைக்கழித்த ‘ஐ லவ் யூ’ வைரஸ், காதற் கடிதம் எனும் எழுத்துக் கோப்பின் வேடத்தில் வந்தது. அதன் உண்மையான ஈறு வி.பி.எஸ். என்பதைப் பலர் கவனித்திலர்.

எடுத்த கோப்புகளை உடனே திறத்தலும் தவறு. 1999இல் பரவிய மெலிசா வைரஸ், வேர்ட் ஆவணத்தினுள் மக்ரோ வடிவிற் பதுங்கியிருந்தது. எனவே, புதுப்பிக்கப்பட்ட வைரஸ் எதிர்ப்பு மென்பொருளாற் சோதித்த பின்னரே திறக்குக. மக்ரோவை இயக்க அனுமதி கேட்டால் மறுத்துவிடுக. இவை முடிந்தபின் கணினியை அழித்துப் புதுப்பித்தல் நன்று. கடவுச்சொற்களையும் தூய கணினியிலிருந்து மாற்றிவிடுக.

கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் வைரஸ்களும் உள. அவற்றுக்கு இம்முறை போதாது. ஆயினும், பூட்டிய கோப்புகளை எறிந்துவிடாது பேணுக. நெதர்லாந்துப் பொலிஸாரும் யூரோபோலும் பிறரும் சேர்ந்து 2016இல் தொடங்கிய ‘நோ மோர் ரான்சம்’ திட்டம், அவற்றுட் சிலவற்றுக்கான திறவுகோல்களை இலவசமாக வழங்குகிறது.

நிற்க. அன்றிரவு லினக்ஸ் வழியாக அப்பென் ட்ரைவை நோக்கினோம். மறைந்த கோப்புறைகள் யாவும் இருந்த இடத்திலேயே இருந்தன! வைரஸ் அவற்றை அழிக்கவில்லை. விண்டோஸின் கண்ணுக்கு மறைத்து, அவற்றின் வாயிலில் போலிச் சின்னங்களை நிறுத்தியிருந்தது, அவ்வளவே. கட்டுரையின் கடைசிப் பக்கம் வரை பார்த்த பின்னரே அப்பிள்ளை வாய்திறந்து, “இருக்குது அப்பா” என்றாள்.

எல்லோருக்கும் இவ்வாறு வாய்க்கும் என்பதற்கில்லை. பிரதிகள் மூன்று, வைக்கும் சாதனங்கள் இரண்டு, அவற்றுள் ஒரு பிரதி வேறோர் இடத்தில் என்பது கணினி அறிந்தோர் கூறும் விதி. அப்பிள்ளை அதனைக் கற்றுக்கொண்டாள். அவளது கட்டுரையின் மூன்றாம் பிரதி, பெயரெழுதிய கடிதவுறையொன்றில், இன்று எமது அலுமாரியில் இருக்கிறது.