இரண்டு அத்தியாயங்களுக்கு ஒரு வட்டு

ஜப்பானிய அனிமே சித்திரங்களை ஜப்பானில் வெளியான டிவிடிகளாகவே தருவித்துச் சேர்ப்பது என்று விரதம் பூண்ட அமெரிக்க ரசிகர் ஒருவர், 13 அத்தியாயங்கள் கொண்ட தொடரொன்றைப் பூரணமாகப் பெற ஆறேழு வட்டுகள் வாங்க வேண்டியிருந்தது. ஏனெனில் அங்கே ஒரு வட்டில் பெரும்பாலும் இரண்டே அத்தியாயங்கள், விலையோ 5,000, 6,000 யென், தபால் கூலி வேறு.

நள்ளிரவில் ஒளிபரப்பாகும் தொடர்களுக்குப் பல ஸ்தாபனங்கள் கூடிப் போட்ட முதலைச் சில ஆயிரம் தீவிர ரசிகர்களிடமிருந்தே மீட்க வேண்டியிருந்தமையால், விலை அவ்வாறு உயர்ந்தது. போதாக்குறைக்கு, டிவிடி உலகில் ஜப்பான் 2ஆம் மண்டலம், அமெரிக்கா 1, நமது இந்தியா 5. ஒரு மண்டலத்து வட்டு மற்றொரு மண்டலத்துக் கருவியில் ஓடாதாகையால், அரும்பாடுபட்டு வரவழைத்த வட்டை வீட்டுக் கருவி ஏற்க மறுப்பதும், ஆங்கிலத் துணையுரை அநேகமாக இல்லாதிருப்பதும் சேகரிப்பவரின் தலைவிதி.

ஆயினும், பாத்திரங்களை உருவாக்கிய சித்திரக்காரரே உறைக்கென்று புதிதாகத் தீட்டிய ஓவியமும், உடன்வரும் சிறு நூலும், ஒளிபரப்பில் அவசரத்தால் நேர்ந்த பிழைகள் திருத்தப்பட்ட காட்சிகளும் அவரை மீண்டும் மீண்டும் இழுத்தன. அது பைத்தியமென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புளூ-ரே வந்தபோது இரு தேசங்களும் ஒரே மண்டலமாகிவிட, மலிவான அமெரிக்க வட்டுகளை ஜப்பானியரே தருவித்துக்கொள்வார்களோ என்ற அச்சம் இம்முறை ஜப்பானிய வியாபாரிகளைப் பற்றிக்கொண்டது.