கருவியும் உபாத்தியாயரும்

நாஞ்சில் நாட்டுத் தேரூரில் 1876-ஆம் ஆண்டு பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, 36 ஆண்டுகள் உபாத்தியாயராய் விளங்கியவர். கோட்டாற்றில் சிறுவர்க்குப் பாடஞ் சொல்லிய அவர், நாகர்கோவில் போதனாமுறைப் பாடசாலையிலும் பணியாற்றினார். பசுவையும் கிளியையும் பாட்டாக்கிப் பிள்ளைகளின் நாவில் ஏற்றினார். பாட்டே அவருடைய கருவி.

அந்நாட்டில் இன்று ஆசிரியப் பயிற்சி பெறும் நமக்கோ மின்திரை, கைப்பேசி, இணையம் முதலிய சாதனங்கள் வாய்த்திருக்கின்றன. அணுவையும் அண்டத்தையும் கண்முன் காட்டும் இவற்றை வெறுப்பது பேதைமை. ஆயினும் 2020-ஆம் ஆண்டு புகட்டிய பாடத்தை நாம் மறக்கலாகாது. கொள்ளைநோயால் பள்ளிகள் அடைபட்டபோது கல்வி கைப்பேசிக்குள் புகுந்தது. அஃது உள்ள வீட்டுப் பிள்ளை கற்றது. இல்லாத வீட்டுப் பிள்ளை ஏங்கி நின்றது. 2019-இல் தொடங்கிய கல்வித் தொலைக்காட்சி ஓரளவு துணை செய்தது. எனினும், பிள்ளைக்கு எழும் ஐயத்தைத் திரை அறியுமோ? 2021-இல் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்று தன்னார்வலரையே பிள்ளைகளிடம் அனுப்ப நேர்ந்ததன்றோ!

பொருளுடையார் வீட்டோடு நின்றுவிடும் கல்வி சுதந்திர தேசத்துக்கு இழுக்கு. நாளை வகுப்பறையுட் புகும் தோழர்களே, கடைசி வரிசைப் பிள்ளையின் முகத்தை நோக்குங்கள். அது விளங்காமல் விழிக்குமாயின், திரையை நிறுத்திவிட்டு அதன் அருகே சென்று அமருங்கள். நம் தொழில் அங்கேதான் தொடங்குகிறது.