பொம்மைக்கு ஆபரேஷன், முடிந்ததும் டாக்டரிடம் "விசாரணை"!
கும்மிடிப்பூண்டி தொழிலாளியின் கை தப்புவது அந்த 20 நிமிட பேச்சில்

இரவு ஷிப்ட். மணி 2. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு பட்டறை. பவர் பிரஸ் "தடால் தடால்" என்று அடித்துக்கொண்டு இருக்கிறது. தகட்டை உள்ளே தள்ளிய தொழிலாளியின் கை ஒரு வினாடி தாமதமாக வெளியே வருகிறது. அவ்வளவுதான். இரண்டு விரல் துண்டு!

சக தொழிலாளிகள் துணியை சுற்றுகிறார்கள். 108 வேன் வருகிறது. கவரைப்பேட்டை, தச்சூர் கூட்டுரோடு, காரனோடை, மாதவரம் என்று கொல்கத்தா ரோட்டில் சுமார் 45 கிலோமீட்டர் பறந்து ஸ்டான்லி ஆஸ்பத்திரி வாசலில் போய் நிற்கிறது.

மிஷினில் கை கொடுத்தவர்களுக்கு வடசென்னை பக்கம் ஸ்டான்லியை விட்டால் வேறு பெயர் வாயில் வராது. கைக்கு என்றே தனி பிரிவு அங்கே 1970-களிலேயே வந்துவிட்டது. டாக்டர் ஆர்.வெங்கடசாமி ஏற்படுத்தியது. விரல் நுனி சாய்வாக வெட்டுப்பட்டால் பக்கத்து தோலை முக்கோணமாக நகர்த்தி மூடும் அவரது முறை 1980-ல் வெளிநாட்டு மருத்துவ பத்திரிகையில் வெளிவந்தது. 2018-ல் இரண்டு கையும் இழந்த ஒரு கொத்தனாருக்கு இன்னொருவரின் கைகளையே பொருத்தி காட்டியதும் இதே ஆஸ்பத்திரிதான்.

பெரிய டாக்டர்கள் இருக்கிறார்கள். சரி. ஆனால் டாக்டர் படிப்பு நடக்கும் எந்த ஆஸ்பத்திரியிலும் நடுராத்திரியில் நோயாளியை முதலில் பார்ப்பவர் யார்? மேல்படிப்பு படிக்கும் பயிற்சி டாக்டர். "பி.ஜி." என்பார்கள். 27, 28 வயது இருக்கும். அவர் எங்கே கற்றுக்கொண்டார்?

முன்பெல்லாம் நோயாளியின் உடம்பில்தான்! சீஃப் செய்வதை ஒரு தடவை பார். அடுத்த தடவை நீயே செய். அதுதான் பாடம். இப்போது அதற்கு முன்னால் ஒத்திகை வந்திருக்கிறது.

ஒத்திகை நாடகம்

தலைமுடியைவிட மெல்லிய நூலால் ரத்தக்குழாயை தைத்துப் பழக கோழிக்கால் போதும். கோழிக்கடை சரக்குதான்! அதை மைக்ராஸ்கோப்புக்கு கீழே வைத்து தைக்கிறார்கள். அவசர சிகிச்சை பழக ஆள் அளவு பொம்மை. மூச்சு விடும்; நாடி துடிக்கும்; பக்கத்து அறையில் இருந்து பட்டனை தட்டினால் "செத்தும்" போகும். தேசிய மருத்துவ ஆணையத்தின் 2020-ம் ஆண்டு விதிப்படி மருத்துவக் கல்லூரி ஒவ்வொன்றிலும் இப்படி பழகுவதற்கு என்று "ஸ்கில் லேப்" இருந்தாக வேண்டும். 2022 ஜனவரி 12-ந் தேதி பிரதமர் திறந்துவைத்த 11 புதிய கல்லூரிகளில் திருவள்ளூரும் ஒன்று. அங்கே படிப்பவர்களுக்கும் இதே சட்டம்தான்.

பொம்மை வாங்கிவிட்டால் வேலை முடிந்ததா? அதுதான் இல்லை. பொம்மையை மூடி வைத்தபிறகு எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிறார்களே, வித்தை அங்கேதான் இருக்கிறது. "டீபிரீஃபிங்" என்று அதற்கு பெயர். ஒத்திகை 10 நிமிடம் என்றால் இந்த பேச்சு 20 நிமிடம், அரை மணிகூட ஓடும்.

உதாரணத்துக்கு ஒரு ஒத்திகையை பார்ப்போம்.

"ஏம்மா சொல்லலை?"

பொம்மையின் கையில் விரல் ஒட்டும் ஆபரேஷன். ரத்தம் கொட்டாமல் இருக்க புஜத்தில் காற்றுப்பட்டை இறுக்கி இருக்கிறது. அந்த பட்டையை சுமார் 2 மணி நேரத்துக்கு மேல் அவிழ்க்காமல் விடக்கூடாது. விட்டால் நரம்பும் சதையும் கெட்டுப்போகும். ஒத்திகை 1 மணி 52-வது நிமிடத்தில் தொடங்குவதாக கணக்கு. சீஃப் மைக்ராஸ்கோப்பில் கண் வைத்தபடி குனிந்து இருக்கிறார். நேரம் சொல்ல வேண்டிய நர்சிடம் "நீங்க இன்னிக்கு வாயே திறக்கக்கூடாது" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறார்கள். பி.ஜி. பெண் டாக்டர் சுவர் கடிகாரத்தை பார்க்கிறார். சீஃபை பார்க்கிறார். மறுபடியும் கடிகாரம். 2 மணி தாண்டுகிறது. பேச்சு மூச்சு இல்லை!

ஒத்திகை முடிந்தது. எல்லோரும் உட்காருகிறார்கள்.

"முதல்ல எப்படி இருந்தது, சொல்லும்மா."

"கை நடுங்கிடுச்சு சார்."

"சரி. நீ ரெண்டு தடவை கடிகாரத்தை பார்த்தே. நான் கவனிச்சேன். அப்புறம் ஒண்ணும் சொல்லலை. அந்த நேரத்துல உன் மனசுல என்ன ஓடிச்சு?"

"டைம் ஆகுதுன்னு தெரியும் சார். நீங்க கடைசி தையல்ல இருந்தீங்க. நடுவுல பேசினா திட்டுவீங்களோன்னு..."

வந்துவிட்டது உண்மை! பாடம் தெரியாமல் இல்லை. நோட்டுப் புத்தகத்தில் "2 மணி" என்று எழுதி அடிக்கோடு போட்டவர்தான். வாய் வரவில்லை. அந்த இடத்தில் சீஃப் "அறிவு இருக்கா உனக்கு?" என்று பாய்ந்திருந்தால்? "கவனிக்கலை சார், மன்னிச்சுக்குங்க" என்று ஒரு பொய்யோடு விஷயம் முடிந்திருக்கும். லாக்கப்பில் அடித்து வாங்கிய வாக்குமூலம் கோர்ட்டில் நிற்காது. இதுவும் அப்படித்தான்.

இப்போது தப்பு யாருடையது என்று பேச்சு திரும்புகிறது. பாதி சீஃப் பேரில்! "நான் குனிஞ்சு இருக்கும்போது யார் வேணும்னாலும் 'சார், டைம்'னு சத்தமா சொல்லலாம்" என்று அவர் முன்கூட்டியே சொல்லி இருக்க வேண்டும். சொல்லவில்லை. அதை அவரே ஒப்புக்கொள்கிறார். உடனே மறுபடி ஒத்திகை. இந்த முறை 1 மணி 55-க்கே குரல் வருகிறது.

பார்த்ததை மறைக்காமல் சொல். பிறகு "ஏன்" என்று நிஜமாகவே கேள் என்பதுதான் சூத்திரம். அமெரிக்காவில் பாஸ்டன் நகர பயிற்சி மைய ஆசிரியர்கள் 2006-ல் இதை எழுதி வைத்தார்கள். திட்டுவதும் தப்பு. "பரவாயில்லை, நல்லா செஞ்சே" என்று தடவிக் கொடுப்பதும் தப்பு.

583 பேர் பலியான பாடம்

இந்த பழக்கம் ஆஸ்பத்திரிக்கு வந்தது ஆகாய விமானத்தில் இருந்து. 1977 மார்ச் 27-ந் தேதி டெனெரீஃப் தீவில், மூடுபனியில், இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் பலி ஆனார்கள். கிளம்பிக்கொண்டு இருந்த விமானத்தில் என்ஜினீயருக்கு சந்தேகம்: எதிரே உள்ள விமானம் பாதையை விட்டு விலகிவிட்டதா? கேட்டார். சீனியர் கேப்டன் தட்டிவிட்டார். என்ஜினீயர் மேற்கொண்டு அழுத்தவில்லை.

அதற்குப் பிறகுதான் விமானக் கம்பெனிகள், கேப்டன் முகத்தை பார்த்து பயப்படாமல் பேசவும், பறந்தபின் உட்கார்ந்து அலசவும் பழக்கின. 1980-களின் கடைசியில் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மயக்க மருந்து டாக்டர் டேவிட் காபா அதை ஆபரேஷன் தியேட்டர் ஒத்திகைக்கு கொண்டு வந்தார்.

பேசினால் பலன் உண்டா? டொரண்டோவில் 42 பயிற்சி மயக்க மருந்து டாக்டர்களை மூன்று கோஷ்டியாக பிரித்து பார்த்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். ஒத்திகை மட்டும் செய்து பேசாமல் போன கோஷ்டி அடுத்த ஒத்திகையில் ஒரு முன்னேற்றமும் காட்டவில்லை! வாயால் மட்டும் பேசிய கோஷ்டியும், வீடியோ போட்டு காட்டி பேசிய கோஷ்டியும் ஒரே அளவு முன்னேறின. ஆக, காமிராவுக்கு பணம் இல்லை என்று எந்த ஆஸ்பத்திரியும் கையை விரிக்க முடியாது. நாலு நாற்காலி போதும். சீஃபுக்கு அரை மணி நேரம் வேண்டும். நம் ஊர் அரசு ஆஸ்பத்திரி கூட்டத்தில் அதுதான் காமிராவைவிட விலை அதிகம்.

லண்டன் இம்பீரியல் காலேஜில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பேச்சை நடத்தும் வாத்தியாருக்கே மார்க்! எட்டு அம்சம், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை. மாணவனை பேச விட்டாரா, அவரே லெக்சர் அடித்தாரா என்பதற்கும் மார்க் உண்டு. அறுவை சிகிச்சை கற்றுக்கொடுப்பவர்களுக்கு என்றே 2012-ல் வந்த அளவுகோல் இது.

சிப்காட்டுக்கு புதிது அல்ல

கும்மிடிப்பூண்டிக்காரர்களுக்கு இது அதிசயம் இல்லை. அபாயமான ரசாயனத்தை குறிப்பிட்ட அளவுக்கு மேல் வைத்திருக்கும் தொழிற்சாலை 6 மாதத்துக்கு ஒரு தடவை விபத்து ஒத்திகை நடத்த வேண்டும் என்று 1989-ம் ஆண்டு விதியே இருக்கிறது. சைரன் அடிக்கும். எல்லோரும் கேட்டுக்கு ஓடுவார்கள். பிறகு டீ, பிஸ்கட். அதன்பின் உட்கார்ந்து, எந்த கேட் பூட்டி இருந்தது, யார் வழி தெரியாமல் நின்றார் என்று காண்டிராக்ட் தொழிலாளியையும் கூப்பிட்டு கேட்டால்தான் அது ஒத்திகை.

2024 அக்டோபர் 11-ந் தேதி இரவு கவரைப்பேட்டையில் தர்பங்கா எக்ஸ்பிரஸ் சரக்கு ரெயில் மீது மோதியது. உயிர்ச்சேதம் இல்லை. காயம் அடைந்தவர்களில் சிலர் ஸ்டான்லிக்குத்தான் வந்தார்கள். அந்த மாதிரி ராத்திரி சொல்லிக்கொண்டு வராது.

ஆஸ்பத்திரியில் இப்படி உட்கார்ந்து பேசும்போது, தியேட்டருக்குள் வருவதற்கு முன்பே நடந்துவிடும் தப்புகளும் வெளியே வரும். துண்டான விரலை நேராக ஐஸ் கட்டியில் போட்டு கொண்டு வருவது அதில் ஒன்று. ஐஸ் நேரடியாக பட்டால் சதை கருகி, ஒட்ட முடியாமல் போகும். செய்ய வேண்டியது இதுதான்: சுத்தமான ஈரத்துணியில் விரலை சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு தண்ணீர் புகாமல் கட்டவேண்டும். அந்த பையை ஐஸ் போட்ட தண்ணீரில் வைத்து, ஆளோடு அதே வேனில் அனுப்பவேண்டும். இப்படி குளிர்ச்சியில் இருந்தால் விரல் ஒரு நாள் வரை கூட தாங்கும். மணிக்கட்டுக்கு மேலே துண்டானால் சதை அதிகம். அவ்வளவு நேரம் கிடையாது. காயத்தை துணி வைத்து அழுத்தி, கையை உயர்த்தி பிடித்தால் பெரும்பாலும் ரத்தம் நிற்கும். கயிறு போட்டு இறுக்க வேண்டாம்.

பட்டறை வாசலில் வாட்ச்மேன் அறையிலேயே ஒரு பிளாஸ்டிக் பையும் கொஞ்சம் சுத்தமான துணியும் வைக்கலாம். செலவு பத்து ரூபாய் ஆகாது.