பேச்சில்லா ஊர் கவென்ட்ரி

ஒருவரை 'சென்ட் டு கவென்ட்ரி' செய்துவிட்டார்கள் என்று ஆங்கிலத்தில் சொன்னால், அவர் ரயிலேறிக் கவென்ட்ரிக்குப் போய்விட்டார் என்று நினைக்க வேண்டாம், நேயர்களே. அவர் அங்கேயேதான் இருப்பார். கூட இருப்பவர்கள் எல்லோரும் பேசிவைத்துக்கொண்டு அவரிடம் முகம் கொடுத்துப் பேச மாட்டார்கள்.

கவென்ட்ரி, இங்கிலாந்தின் நடுப்பகுதியில் உள்ள நகரம். 1640-களில் உள்நாட்டுப் போர் மூண்டபோது அது மன்னரை எதிர்த்து நாடாளுமன்றத்தின் பக்கம் நின்றது. பிடிபட்ட மன்னர் படையினரை அங்கே சிறை வைத்தார்கள். ஊரார் அவர்களை ஒதுக்கினார்கள். இந்தச் சொல்வழக்கு அப்படிப் பிறந்தது என்பதே பரவலான விளக்கம்.

பின்னாளில் இது பள்ளி விடுதிகளிலும் தொழிற்சாலைகளிலும் வேரூன்றியது. வேலைநிறுத்தத்தில் சேராத தொழிலாளி சாப்பாட்டுத் தட்டோடு வந்து உட்கார்ந்தால், பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து வேறு மேசைக்குப் போவார்கள். உப்பு கேட்டாலும் காதில் விழாதது போல இருப்பார்கள். அடியைவிட வலிக்கும் தண்டனை இது. ரிச்சர்ட் அட்டன்பரோ நடித்து 1960-இல் வந்த 'தி ஆங்ரி சைலன்ஸ்' திரைப்படத்தின் கதையே இதுதான்.

ஒருவர் மட்டும் பாராமுகமாக இருந்தால் இந்தத் தொடர் பொருந்தாது. ஒரு கூட்டமே சேர்ந்து வாய்மூடினால்தான் அது கவென்ட்ரி.