ஓய்வு இல்லாமல் இளைக்கும் இருதயம்! வேகத்தை அடக்கினால் பலம் திரும்பும்

உங்கள் கை விரல்களை மடக்கிப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அளவுதான் உங்கள் இருதயம்! அது ஒரு நாளைக்கு சுமார் 1 லட்சம் தடவை துடிக்கிறது.

துடிப்பு என்றால் சுருங்கி விரிவது. சுருங்கும்போது ரத்தத்தை உடம்புக்கு அனுப்புகிறது. விரியும்போது புது ரத்தத்தை நிரப்பிக்கொள்கிறது.

நிமிடத்துக்கு 75 தடவை துடித்தால், ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் 0.8 வினாடி. அதில் வேலை நேரம் 0.3 வினாடி. ஓய்வு நேரம் 0.5 வினாடி. உழைப்பைவிட ஓய்வு அதிகம்! இருதயத் தசைக்கு வேண்டிய ரத்தம் பெரும்பாலும் இந்த ஓய்வு நேரத்தில்தான் கிடைக்கிறது.

அந்த ஓய்வு பறிபோனால்?

அரை வாளித் தண்ணீர்

கிணற்றில் தண்ணீர் இறைப்பவரை நினைத்துக்கொள்ளுங்கள். வாளி நிரம்பும் முன்பே இழுத்தால் அரை வாளிதான் வரும். அவசரம் அவசரமாக இழுத்தால் கையும் சோர்ந்துவிடும். தண்ணீரும் போதாது.

இருதயமும் அப்படித்தான். நிமிடத்துக்கு 150 தடவை என்று வாரக்கணக்கில், மாதக்கணக்கில் துடித்தால், அதன் தசை இளைத்துவிடும். அறைகள் தொளதொளவென்று பெரிதாகிவிடும். நோயாளிக்குக் கால் வீங்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். படுத்தால் மூச்சு முட்டும்.

இருதயத்தைத் துடிக்க வைப்பது அதற்குள்ளேயே உண்டாகும் மின்சாரம். அந்த மின்சாரம் வழி தவறினால் துடிப்பும் தாறுமாறாகும். மேல் அறைகள் சுருங்காமல், நிமிடத்துக்கு 300 தடவைக்கு மேல் நடுங்குவது ஒருவகை. இடையிடையே அதிகப்படியான துடிப்புகள் ஆயிரக்கணக்கில் வந்துகொண்டே இருப்பது இன்னொரு வகை. இரண்டுமே தசையை இளைக்கச் செய்யலாம்.

முந்தியது எது?

இங்கேதான் டாக்டர்களுக்கு ஒரு சிக்கல். தசை இளைத்ததால் துடிப்பு கெட்டதா? துடிப்பு கெட்டதால் தசை இளைத்ததா?

இரண்டும் நடப்பது உண்டு. ஆனால் இரண்டாவது காரணமாக இருந்தால், நோயாளிக்கு நல்ல காலம்! துடிப்பைச் சரி செய்தால், இளைத்த தசை மறுபடியும் தேறிவிடும்.

1962-ம் ஆண்டில் விப்பிள் என்பவரும் அவருடன் சேர்ந்தவர்களும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். நல்ல இருதயம் உள்ள விலங்குகளுக்கு, மின்சாரத்தால் துடிப்பைத் தொடர்ந்து வேகப்படுத்தினார்கள். இருதயம் பலவீனம் அடைந்தது. வேகத்தை நிறுத்தினார்கள். பலம் திரும்பியது!

ஓட்டத்தை அடக்கும் வழிகள்

முதல் வழி மாத்திரை. வேகத்தைக் குறைக்க ஒன்று, துடிப்பை ஒழுங்குபடுத்த ஒன்று என்று மாத்திரைகள் பல இருக்கின்றன. சிலருக்கு மயக்க மருந்து கொடுத்து, ஒரு கணம் மின்சாரம் பாய்ச்சித் துடிப்பைச் சரி செய்வார்கள். தைராய்டு சுரப்பி அதிகமாக வேலை செய்வதே வேகத்துக்குக் காரணம் என்றால், அதற்குத்தான் முதல் வைத்தியம்.

இன்னொரு வழி, கோளாறு பிறக்கும் இடத்தையே அடைப்பது. தொடையில் உள்ள ரத்தக் குழாய் வழியாக, மெல்லிய கம்பி போன்ற குழாயை இருதயத்துக்குள் செலுத்துவார்கள். சூடு அல்லது கடும் குளிர் கொடுத்துத் தழும்பு உண்டாக்குவார்கள். மின்சாரம் அந்தத் தழும்பைத் தாண்டாது.

எந்த இடத்தில் தழும்பு உண்டாக்குவது? இதற்கு பிரான்சு நாட்டில் உள்ள போர்தோ நகர டாக்டர்கள் 1998-ல் விடை சொன்னார்கள். மேல் அறை நடுங்கும் 45 நோயாளிகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். கோளாறு கிளம்பிய இடங்கள் 69. அவற்றில் 65 இடங்கள், நுரையீரலில் இருந்து இருதயத்துக்கு வரும் ரத்தக் குழாய்களில் இருந்தன!

2018-ல் இன்னொரு ஆராய்ச்சியின் முடிவு வெளிவந்தது. மேல் அறை நடுக்கத்தோடு இருதய பலவீனமும் உள்ள 363 பேர் அதில் சேர்ந்திருந்தார்கள். மருந்து மட்டும் பெற்றவர்களில் 100-க்கு சுமார் 45 பேர் இறந்தார்கள் அல்லது நோய் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள். குழாய் சிகிச்சை பெற்றவர்களில் அது சுமார் 28 பேர்தான்.

இந்தச் சிகிச்சை எல்லோருக்கும் ஏற்றது அல்ல. இதிலும் ஆபத்து உண்டு. யாருக்கு எது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும்.

குணமான பிறகும் கவனம்!

துடிப்பு சரியானதும் தசை தேறுவதற்குச் சில வாரங்கள் அல்லது சில மாதங்கள் ஆகும். தேறியதும் "இனி என்ன?" என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. வேகம் மறுபடி வந்தால், இருதயம் முன்னைவிடச் சீக்கிரம் இளைத்துவிடும். ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மருந்தை நிறுத்தினால், மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் அடைபட்டு, கை கால் விழுந்துவிடும் ஆபத்தும் உண்டு.

நாடி பார்ப்பது எளிது. சிறிது நேரம் சும்மா உட்காருங்கள். மணிக்கட்டில், கட்டை விரல் பக்கமாக, இரண்டு விரல்களை வையுங்கள். ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு 60 முதல் 100 வரை இருக்கலாம். உட்கார்ந்திருக்கும்போதே அடிக்கடி 100-க்கு மேல் போனாலோ, தாளம் தப்பித் துடித்தாலோ, டாக்டரிடம் போய் ஈ.சி.ஜி. எடுத்துக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறலோ, நெஞ்சு வலியோ, மயக்கமோ சேர்ந்து வந்தால், ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

வீட்டில் யாருக்காவது "இருதயம் பலவீனம்" என்று டாக்டர் சொன்னால், இடிந்துபோய் உட்கார வேண்டாம். "துடிப்புக் கோளாறினால் வந்ததாக இருக்குமா?" என்று அவரிடம் கேளுங்கள். பதில் "ஆம்" என்றால், இழந்த பலத்தைத் திரும்பப் பெற வழி இருக்கிறது.