புரியாத படமும் என் பெண்ணின் ஜாதகமும்

"படம் வரைஞ்சா சோறு போடுமா?"

பிளஸ் டூ முடித்த என் பெண், ஓவியக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து எங்கள் வீட்டில் இதே கேள்விதான். கேட்டது அவள் அப்பா மட்டுமில்லை, நானும்தான்!

"ஒரே ஒரு தடவை என்கூட வந்து பாரும்மா. அப்புறம் வேண்டாம்னு சொல்லு" என்று கெஞ்சினாள். சரியென்று போன ஞாயிற்றுக்கிழமை ஈஞ்சம்பாக்கத்தில் இருக்கும் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்குக் கிளம்பினோம். அங்கே சென்னை ஓவியர்களின் படங்களுக்கும் சிற்பங்களுக்கும் என்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது.

முதல் பத்து நிமிஷம் எனக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. ரவி வர்மாவின் லட்சுமி மாதிரி முகமும் கையும் தெரிந்தால்தானே படம்? ஜானகிராம் தகட்டில் செய்த உருவங்கள் மட்டும், சுவாமிக்குச் சாத்தும் கவசம் மாதிரி இருந்ததால், மனசுக்குப் பிடித்தது.

பிறகு கே.சி.எஸ். பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசைப் படத்தின் முன் நின்றேன். ஜாதகக் கட்டங்கள் போலக் கோடுகள், பொடிப் பொடி எழுத்துக்கள், நடுவே சின்னச் சின்ன உருவங்கள். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு எழுத்துக் கூட்டினேன். ஊஹூம்!

"அம்மா, அது படிக்கிற எழுத்தில்லை, பார்க்கிற எழுத்து" என்று சிரித்தாள்.

எனக்குச் சுருக்கென்றது. பீரோவில் இருக்கும் இவள் ஜாதகத்தை எத்தனை தடவை எடுத்துப் பார்த்திருப்பேன்! அதில் ஒரு கட்டமாவது எனக்குப் புரியுமா? புரியாத அந்தக் காகிதத்தை நம்புகிற நான், எதிரே நின்று பேசுகிற பெண்ணை நம்பவில்லையே! வாசலில் போடும் சிக்குக் கோலத்துக்கு அர்த்தமா கேட்கிறோம்? இழை சேர்ந்தால் மனசு நிறைகிறது. அந்தக் கண்ணோடு திரும்பப் பார்த்தேன். படம் அழகாகவே இருந்தது.

சோற்றுக்கும் அங்கேயே பதில் கிடைத்தது. சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வராக இருந்த பணிக்கர், 1966-ல் தன் மாணவர்களோடும் நண்பர்களோடும் இந்தக் கிராமத்தை உண்டாக்கினார். படத்தை மட்டும் நம்பி அவர்கள் உட்காரவில்லை. பாத்திக் துணி செய்து விற்றார்கள். துணியில் உருக்கிய மெழுகால் வரைந்து சாயத்தில் முக்கினால், மெழுகு உள்ள இடத்தில் நிறம் ஏறாது. மெழுகை எடுத்துவிட்டால் சித்திரம் பளிச்சென்று தெரியும். கைத்தொழில் வயிற்றைப் பார்த்துக்கொள்ள, மீதி நேரத்தில் மனசுக்குப் பிடித்ததை வரைந்தார்கள்.

திரும்பும்போது பஸ்ஸில் சொன்னேன்: "விண்ணப்பம் போடு. ஆனா கூடவே ஒரு கைத்தொழிலும் கத்துக்கணும்." என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

சகோதரிகளே, உங்கள் குழந்தையும் ஏதாவது கிறுக்கிக்கொண்டு வந்தால், "இது என்ன?" என்று அதட்டாதீர்கள். "இதைப் பத்திச் சொல்லேன்" என்று கேளுங்கள்.

இவர் இன்னும் சம்மதிக்கவில்லை. அடுத்த ஞாயிறு அவரையும் அழைத்துப் போகப் போகிறேன். மூக்குக் கண்ணாடியை மறக்காமல் எடுத்து வைக்கணும்!